நானூற்றுப் பன்னிரண்டு முறை வழிமொழிந்தவர்

எங்கள் வட்டார வளர்ச்சிக் குழுவில் சாவிக்காரர் பதினோரு வருடமாக உறுப்பினர். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் கூட்டத்தில் எழுந்து பேசியது மொத்தம் இரண்டே வார்த்தைகள்: "நான் வழிமொழிகிறேன்." இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அந்தக் குழுவுக்குக் கிளார்க் நான்தான். நடவடிக்கைப் பதிவேடு முழுக்க என் கையெழுத்து. ஒரு மத்தியானம் வேலை ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு தீர்மானங்கள், அத்தனையையும் வழிமொழிந்தவர் அவர் ஒருவரே. அதில் நானூற்றுப் பதினொன்றுவரை யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை.

குழு என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். ஒரு வட்டாரத்துக்கு என்ன தேவை என்று தலைநகரத்தில் உட்கார்ந்து யோசித்தால் விளங்காது, அந்த ஊர்க்காரர்களே சொல்லட்டும் என்று அரசாங்கத்துக்கு ஒருநாள் நல்ல புத்தி வந்தது. ஏழு பேரைப் போட்டார்கள். கடைக்காரர் ஒருவர், பண்ணைக்காரர் ஒருவர், பள்ளிக்கூடத்து ஆள் ஒருவர் என்று ஆளுக்கொரு தினுசு. சிறுதொழில் பிரதிநிதியாக, சந்தை முனையில் பூட்டு ரிப்பேரும் சாவி வெட்டும் வேலையும் செய்துகொண்டிருந்த இவரைப் பிடித்துப் போட்டார்கள். மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை கூட வேண்டும். இன்னது வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்பினால், மாவட்ட அலுவலகம் பார்த்துவிட்டு நிதி ஒதுக்கும். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு.

குழுவைக் கேலி செய்வது ரொம்பச் சுலபம், நானே தினமும் செய்கிறேன். ஆனால் காய்கறி அழுகாமல் இருக்கச் சந்தைக்குப் பின்னால் குளிரூட்டிய கிடங்கு ஒன்று இருக்கிறதே, அது இந்த ஏழு பேர் போட்ட தீர்மானம். வேலை இல்லாத பெண்கள் முப்பது பேர் தையல் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு பள்ளிச் சீருடை தைக்கிறார்களே, அதுவும்தான். மணிக்கூண்டில் நாலு பக்கமும் நாலு நேரம் காட்டும் கடிகாரமும் இவர்கள் வைத்ததுதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

சாவிக்காரரை வழிமொழிய வைத்தது எது தெரியுமா? அவசரம். அவர் வந்த முதல் கூட்டத்தில் மருந்துக்கடை அம்மா எழுந்து, சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று முன்மொழிந்தார். "யார் வழிமொழிகிறீர்கள்?" என்றார் தலைவர். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் பிஸ்கட்டைப் பார்த்தார். கழிப்பறை வேண்டும்தான், ஆனால் 'கழிப்பறையை வழிமொழிந்தவர்' என்று பதிவேட்டில் பெயர் ஏறுமே, அதுதான் அத்தனை பேருக்கும் கூச்சம். இருபத்தைந்து நிமிடம் இப்படியே போனது. சாவிக்காரரோ கடையைப் போட்டது போட்டபடி வந்திருந்தார். வீட்டுக்குள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்து கதவு தானாகப் பூட்டிக்கொண்ட ஒரு டீச்சர் அங்கே அவருக்காகக் காத்திருந்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "யாராவது அந்த வார்த்தையைச் சொன்னா மீட்டிங் முடிஞ்சிடுமா?" என்று காதோடு கேட்டார். முடிந்துவிடும் என்றார் அவர். சாவிக்காரர் எழுந்தார், சொன்னார், ஓடினார். டீச்சர் வீட்டுப் பால் தீய்ந்துவிட்டது. கழிப்பறை வந்துவிட்டது.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். கழிப்பறை வருவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு வண்டி ஏறினால் மத்தியானம்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். கணவர் தனக்காகத்தான் எழுந்து நின்றார் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். சாவிக்காரரும் அதை மறுத்ததில்லை, அவ்வளவு விவரம் அவருக்கு உண்டு.

அன்றைக்குப் பிடித்த பழக்கம், போகப் போக ரத்தத்தில் ஊறிவிட்டது. தலைவர் பஸ் டிப்போ மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தீர்மானம் வாசித்து முடித்ததும் இரண்டு முறை இருமுவார். இரண்டாவது இருமலின் வால் அடங்குவதற்குள் சாவிக்காரர் வாயிலிருந்து வார்த்தை வந்துவிடும். தூங்கிக்கொண்டிருந்தாலும் வரும். ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். பாவம், டாக்டருக்கு அன்று ஜலதோஷம். இரண்டு முறை இருமிவிட்டு, "இதைப் பிடுங்கிடலாமா?" என்று கேட்டார். திறந்த வாயோடேயே வழிமொழிந்துவிட்டார் மனிதர். நல்ல பல் ஒன்று போயிற்று.

இதில் என் பங்கும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவர் பெயரை எழுதி எழுதிக் கை வலித்து, ஐந்தாவது வருடம் படிவம் அச்சடிக்கக் கொடுத்தபோது, 'முன்மொழிந்தவர்' என்ற இடத்தில் கோடு போடச் சொல்லிவிட்டு, 'வழிமொழிந்தவர்' என்ற இடத்தில் அவர் பெயரையே அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். ஆயிரம் படிவம். அச்சகக்காரர் மட்டும், "இது நல்லா இருக்காதே மேடம்" என்றார். எனக்கு யார் புத்தி சொன்னாலும் பிடிக்காது.

முன்மொழிவதற்கு எங்களிடம் ஒரு ஆள் உண்டு. கோழிப்பண்ணை வைத்திருப்பவர், ஊரில் முட்டைக்காரர் என்பார்கள். ஆஜானுபாகுவான உருவம், தலை நிறைய யோசனை. நானூற்றுப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் அவருடையது. முட்டை வடிவத்தில் பஸ் நிழற்குடை கட்ட வேண்டும் என்றார், கட்டினோம், மழை நாலாபக்கமும் உள்ளே வந்தது. முட்டை வடிவத்தில் பூங்கா பெஞ்ச் போட்டோம், உட்கார்ந்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள். தையல் பயிற்சியும் குளிர்க்கிடங்கும் அவர் யோசனைதான், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, பெஞ்சைத்தான் பேசுவார்கள். அவர் எழுந்தாலே சிரிப்பை அடக்க மற்றவர்கள் டீயைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். சாவிக்காரர் மட்டும் சிரித்ததில்லை. அவர் பாதி நேரம் தூக்கத்தில் இருந்தார் என்பது வேறு விஷயம்.

நானூற்றுப் பன்னிரண்டாவது தீர்மானமும் முட்டைக்காரருடையதுதான். சந்தை வாசலில் ஸ்கூட்டர்களும் பைக்குகளும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன, நடக்க வழியில்லை, ஒரு நிறுத்துமிடம் வேண்டும். கேட்டால் நியாயம்தான். மாவட்ட அலுவலகம், பக்கத்தில் சும்மா கிடக்கும் அரசு நிலம் எது என்று பார்த்து வர ஒரு சர்வேயரை அனுப்பியது. அவர் வந்து பார்த்து எழுதிய அறிக்கை இரண்டு மாதம் கழித்துத்தான் கூட்டத்துக்கு வந்தது. தலைவர் வாசித்தார்: "மனை எண் பதினான்கின் கீழ் இரண்டு. எட்டடிக்கு ஐந்தடித் தகரக் கொட்டகை. பயன்பாட்டில் இல்லை. அகற்றிவிட்டு நிறுத்துமிடம் அமைக்கலாம்." இரண்டு இருமல்.

"நான் வழிமொழிகிறேன்," என்றார் சாவிக்காரர்.

நான் படிவத்தை நிரப்பினேன். நிரப்ப என்ன இருக்கிறது, பாதி அச்சிலேயே இருந்தது. ஏழு பேரும் கை தூக்கினார்கள். டீ வந்தது.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அவர் வருவதற்கு முன்னால் அவர் இடுப்புக் கொத்து வந்துவிடும். கூடவே யூனிஃபார்மில் அவர் மனைவி. கையில் ஒரு நோட்டீஸ், நாலு மூலையிலும் பசை காயவில்லை.

"கடைக் கதவுல ஒட்டிட்டுப் போயிருக்காங்க. இவருக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது. நான்தான் படிச்சேன்," என்றார் கண்டக்டரம்மா. அடுத்த நிறுத்தம் சொல்லும் குரலில் என் மேஜை முன்னால் நின்று மறுபடியும் வாசித்தார். "மனை எண் பதினாலின் கீழ ரெண்டுல உள்ள பயன்படாத கொட்டகை வர்ற பதினேழாம் தேதி திங்கட்கிழமை அகற்றப்படும். பயன்படாத கொட்டகையாம். பதினாறு வருஷமா இவர் அதுக்குள்ள உக்காந்து என்ன முட்டையா போட்டாரு? முன்மொழிந்தவர், சரி, அந்த முட்டைக்காரர். இதுக்குக் கீழ இன்னொரு அறிவு கெட்ட மனுஷன் வழிமொழிஞ்சிருக்கான் பாருங்க, அவன் யாருன்னு பாத்தா..." என்று விரலைக் கீழே இறக்கினார்.

அத்தோடு குரல் நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். சாவிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏங்க. இது நீங்களா?"

"இருமினாரு," என்றார் சாவிக்காரர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஒரு தவளை அப்படி என்னதான் பேசியிருக்கும் என்று யோசித்திருக்கிறேன். அன்றைக்கு விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க வழியில்லை, ஏனென்றால் அந்த வாய் அவருடையது, படிவம் என்னுடையது.

என் பிழையை எப்படியாவது சரிசெய்ய வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "சார், அந்தக் கொட்டகை பயன்பாட்டுல இருக்கு. அதுல ஒருத்தர் கடை வச்சிருக்கார். லைசென்ஸ் இருக்கு."

"லைசென்ஸ் யார் பேர்லம்மா?"

சொன்னேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "அவரேதானே வழிமொழிஞ்சிருக்கார். இதைவிட என்னம்மா சம்மதம் வேணும்? எங்க ரெக்கார்டுல இப்படி ஒரு ஒத்துழைப்பைப் பார்த்ததே இல்ல. அவருக்குப் பாராட்டுக் கடிதம்கூட டைப் பண்ணியாச்சு."

சர்வேயர் எப்படி அந்தக் கடையைப் பயன்படாத கொட்டகை என்று எழுதினார்? நேரில் போய்ப் பார்க்கத்தான் செய்தார், பொய் சொல்லவில்லை. எந்த நாளில் என்று கேட்டேன். தேதியைச் சொன்னார்கள். நாட்காட்டியைப் பார்த்தேன். இரண்டாவது புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் கடை பூட்டித்தான் கிடக்கும். கடைக்காரர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து யாருக்காவது வழிமொழிந்துகொண்டிருப்பார். அந்தக் கடைக்குத் தனியாகப் போர்டும் கிடையாது. கதவின் உட்பக்கத்தில்தான் பெரிய சாவிப் படம் வரைந்திருக்கும், கதவை மேலே தூக்கி முட்டுக் கொடுத்தால் அதுதான் போர்டு. மூடினால் வெறும் தகரம். ஊருக்கு உழைத்த நேரத்தில் ஊர் அவர் கடையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் சொந்த நேரத்தையும் கொடுத்து வைத்துக்கொண்டார்.

தலைவர் வீட்டுக்குப் போனோம். பாலிதீன் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் விதிப் புத்தகத்தை எடுத்தார். "விதி இருக்கு. நிறைவேறின தீர்மானத்தைத் திரும்பப் பெறலாம். ஆனா அதை ஆதரிச்ச ஒருத்தரே முன்மொழியணும். வேற ஒருத்தர் வழிமொழியணும். அப்புறம் ஓட்டு. மூணு தடவை கூப்பிட்டும் யாரும் வழிமொழியலன்னா விழுந்துடும்."

"எத்தனை நாளைக்குள்ள?" என்று கேட்டார் கண்டக்டரம்மா.

"அடுத்த கூட்டம் பன்னிரண்டாம் தேதி. அதுல முடியலன்னா பதினேழுல வண்டி வந்துடும்."

ஆக, சாவிக்காரர் எழுந்து நின்று முழுசாக நாலு வரி பேச வேண்டும். இல்லாவிட்டால் கடை இல்லை. வேறு இடம் தருவோம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள், ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் தள்ளி. வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் அவ்வளவு தூரம் நடப்பானா, கல்லை எடுத்துப் பூட்டை உடைத்துவிட்டுப் போவான். சாவிக்காரருக்கு அது தெரியும். கடையில் உட்கார்ந்து அரத்தை ஒரே சாவியில் தேய்த்துக்கொண்டே இருந்தார், சாவி தேய்ந்து கம்பியாகிவிட்டது.

நான் பேச்சை எழுதிக் கொடுத்தேன். நாலே வரி. கண்டக்டரம்மா பயிற்சி கொடுத்தார். நானும் கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன்.

"தலைவர் அவர்களே, நானூற்றுப் பன்னிரண்டாவது தீர்மானத்தை..." என்று ஆரம்பிப்பார் சாவிக்காரர். அடுத்த வரி வருவதற்குள் அரத்தை எடுத்துக்கொண்டு சாவியைத் தேய்க்கப் போய்விடுவார்.

"டிக்கெட் கேக்கற மாதிரி கேளுங்க. கூச்சப்பட்டா வண்டி டிப்போ போய்ச் சேராது," என்பார் மனைவி. "உங்க கடையைத்தானே கேக்கறீங்க. அடுத்தவன் கடையையா கேக்கறீங்க?"

"எனக்கு ஆரம்பிக்கறது வராதும்மா. யாராவது ஆரம்பிச்சா முடிச்சு வைப்பேன்."

சாவி வெட்ட வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வாரம் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். ஒரு பெரியவர் அலமாரிச் சாவியை நீட்ட, இவர் அவரைப் பார்த்து, "தலைவர் அவர்களே" என்று ஆரம்பிக்க, "நான் தலைவர் இல்லப்பா, எனக்கு ரெண்டு டூப்ளிகேட் சாவி போதும்" என்று சொல்லிவிட்டு அவர் நாலடி தள்ளி நின்றார். சனிக்கிழமைக்குள் பேச்சு மனப்பாடம் ஆகிவிட்டது. யாரும் எதிரில் இல்லாவிட்டால் கணீரென்று வந்தது.

பன்னிரண்டாம் தேதி, கூட்டுறவு வங்கி மாடியில் எங்கள் கூட்ட அறை. ஒரு கால் குட்டையான மேஜைக்கு அடியில் ஏழு வருடத்துக்கு முந்தைய ஆண்டறிக்கையை மடித்து வைத்திருக்கிறோம், அந்த அறிக்கைக்கு வேறு உபயோகம் வரவில்லை. ஏழு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். பாராட்டுக் கடிதத்தோடு மாவட்ட அதிகாரி வந்திருந்தார். பொதுமக்கள் உட்காரும் பெஞ்சில் முதல் தடவையாகப் பொதுமக்கள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரம்மா, தோளில் டிக்கெட் பை, கழுத்தில் விசில்.

சாவிக்காரர் எழுந்தார். இடுப்புக் கொத்து கிலுகிலுவென்று நடுங்கியது. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், ஆனால் பார்க்கவே இல்லை.

"தலைவர் அவர்களே. நானூற்றுப் பன்னிரண்டாவது தீர்மானத்தைத் திரும்பப் பெறணும்னு முன்மொழிகிறேன். அது பயன்படாத கொட்டகை இல்ல. அது என் கடை. சர்வேயர் வந்தப்ப நான் இங்க இருந்தேன்."

சொல்லிவிட்டார். உட்கார்ந்தும் விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பேனாவை உதறுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

தலைவர் இரண்டு முறை இருமினார். "முதல் அழைப்பு. யார் வழிமொழிகிறீர்கள்?"

ஆறு தலைகளும் ஒரே நேரத்தில் சாவிக்காரர் பக்கம் திரும்பின. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதினோரு வருடமாக வழிமொழிவது அவர் வேலை. மின்விசிறி சுற்றுவதுபோல, டீ வருவதுபோல, அது தானாக நடக்கும். மற்றவர்களுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து எடுப்பது என்றே தெரியவில்லை. போதாததற்கு, நிறுத்துமிடத்துக்கு ஒதுக்கிய நிதி கைநழுவிப் போகுமோ என்ற பயம் வேறு. முன்மொழிந்த முட்டைக்காரர் முகத்துக்கு எதிரே எப்படி எழுவது என்ற தயக்கம் அதற்கும் மேல். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் மறுபடியும் இருமினார். ஒன்று. இரண்டு. "இரண்டாவது அழைப்பு..."

"நான் வழிமொழிகிறேன்," என்றார் சாவிக்காரர்.

பெஞ்சிலிருந்து, "அய்யோ, உங்க வாயில..." என்று ஒரு குரல் எழும்பிப் பாதியில் நின்றது.

"முன்மொழிந்தவரே வழிமொழிய முடியாது," என்றார் அதிகாரி.

"தெரியும் சார். இருமிட்டாரு," என்றார் சாவிக்காரர். நெற்றி வியர்வை அவர் மூக்குக் கண்ணாடியில் சொட்டியது.

"அப்ப இது மூன்றாவது அழைப்பு," என்று தலைவர் எழுந்தார். அவருக்கும் மனசில்லை, குரலைக் கேட்டாலே தெரிந்தது. ஆனால் விதிப் புத்தகம் கையில் இருந்தால் அவர் வேறு மனிதர். "யாரும் வழிமொழியாததால், இந்த முன்மொழிவு..."

விசில் ஊதப்பட்டது. ஒரே ஒரு விசில், நீளமாக. ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம் என்பது முப்பத்திரண்டு வருடம் டிப்போவில் இருந்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைவர் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவர் காலும்கூடப் பிரேக் மிதிப்பதுபோலத் தரையை அழுத்தியது.

அந்த இடைவெளியில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. முட்டைக்காரர் எழுந்து நின்றார்.

"தலைவரே, நான் எழுந்திரிச்சாலே எல்லாரும் டீ டம்ளரை எடுப்பீங்க. எனக்குத் தெரியும். என் மச்சானே என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். பெஞ்சு வழுக்கினதுக்கும் நிழற்குடை ஒழுகினதுக்கும் ஊரே என்னைக் கேலி பண்ணுது. ஆனா பதினோரு வருஷத்துல நான் என்ன சொன்னாலும், இந்த மனுஷன் ஒரு தடவைகூட என்னைத் தனியா நிக்க விட்டதில்ல." சாவிக்காரர் பக்கம் கையைக் காட்டினார். "இன்னைக்கு அவர் தனியா நிக்கிறாரு. நான் அவரோட... அதை எப்படிச் சொல்லுவாங்க?"

சாவிக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "வழிமொழிகிறேன்," என்று எடுத்துக் கொடுத்தார்.

"அதேதான். நான் வழிமொழிகிறேன்."

பெஞ்சிலிருந்து இரண்டு விசில் கேட்டது. தலைவர் காலைத் தூக்கினார். ஓட்டெடுப்புக்குப் போனோம், ஏழு கைகளும் உயர்ந்தன. அதிகாரி பாராட்டுக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார், அதற்கு இனி என்ன அர்த்தம் என்று அவருக்கே புரியவில்லை. நானூற்றுப் பதின்மூன்றாவது தீர்மானத்தை எழுதும்போது, என் படிவத்தில் அச்சடித்திருந்த பெயரை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, முட்டைக்காரர் பெயரைக் கையால் எழுதினேன். மீதி எழுநூற்றுச் சொச்சம் படிவங்களையும் அன்றைக்கே ஓரமாகக் கட்டி வைத்துவிட்டேன். மேஜையின் இன்னொரு காலும் ஆட ஆரம்பித்திருக்கிறது, அதற்கு ஆகும்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் முட்டைக்காரரால் சும்மா இருக்க முடியுமா? உட்கார்ந்த வேகத்தில் மறுபடியும் எழுந்தார். நிதி வீணாகக் கூடாது, குளிர்க்கிடங்குக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் நிறுத்துமிடத்தைக் கட்டலாம், நுழைவாயிலில் மட்டும் முட்டை வடிவத்தில் ஒரு வளைவு வைத்தால் பார்க்க அம்சமாக இருக்கும் என்றார். ஆளுக்கொரு டீ டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். தலைவர் இரண்டு முறை இருமினார். எல்லோரும் சாவிக்காரரைப் பார்த்தோம்.

அவர் வாய் திறந்தது, பிறகு மூடியது. பதினோரு வருடத்தில் நான் அப்படி ஒரு இடைவெளியைப் பார்த்ததில்லை. தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஒண்ணும் இல்லன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"சர்வேயர் அறிக்கையிலதான் இருக்கு," என்றார் முட்டைக்காரர்.

"எந்தக் கிழமை போய்ப் பார்த்தாராம்?"

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு அறிக்கையை மெதுவாக மூடினார். "புதன்," என்றார்.

ஏழு பேரும் நேரிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு தடவை வியாழக்கிழமை, ஒரு தடவை சனிக்கிழமை. முதல் தடவை போனபோதே அங்கே ஒரு அம்மா பழைய பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் அங்கேதான் வேலை செய்கிறாராம். புதன்கிழமை மட்டும் மகளைப் பார்க்கப் போய்விடுவாராம். நிறுத்துமிடத்தை இருபதடி தள்ளிக் குறித்துக்கொண்டு வந்தோம். முட்டை வளைவுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை என்று தெரிந்ததில் முட்டைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வியாழக்கிழமை எங்களோடு நடந்து வந்த சாவிக்காரர் போகும் வழியில் கடையைப் பூட்டினார். கதவு இறங்கியதும் சாவிப் படம் உள்ளே போய், வழக்கம்போல வெறும் தகரமாகிவிட்டது. அவர் பையிலிருந்து புதுசாகப் பெயின்ட் அடித்த ஒரு பலகையை எடுத்து வெளியே மாட்டினார். எழுத்து அவர் மனைவியுடையது, ஒவ்வொன்றும் பஸ் நம்பர் பலகை அளவு. 'மீட்டிங் போயிருக்கிறேன். நாலு மணிக்கு வருவேன். கொட்டகை பயன்பாட்டில் உள்ளது.'